ஆற்றையே காணோம்!

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு என் கணவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். பல்லடத்திலிருந்து வந்த பஸ் நெரிசலில் செருப்பு அறுந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே தியேட்டர் படியேறினேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் திரும்பத் திரும்பப் படித்த பழைய நாவல் படமாக வந்திருக்கிறது! செருப்பாவது ஒன்றாவது!

எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வெளிநாட்டுக்காரர் ஒப்புக்கொண்ட சாம்பிளை மேசையில் விரித்து வைத்து, தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் அதோடு ஒப்பிட்டு டேப்பால் அளப்பேன். அளவு தவறினால் ரிஜெக்ட். படத்துக்கும் அதே கண்ணோடுதான் போனேன்.

ஆனால் எனக்கு முக்கியம் ஒரே ஒரு இடம். மாப்பிள்ளை வீட்டார் பரிசலோடு காத்திருக்க, நாயகி 'நான் வரலீங்க' என்று சொல்லிவிட்டு, இடுப்பளவு ஆற்றில் இறங்கித் தனியாக அக்கரைக்கு நடந்துபோகிற அத்தியாயம். அதைப் படித்த தைரியத்தில்தான் நானும் பிடிக்காத சம்பந்தத்தை உதறிவிட்டு, குன்னத்தூரில் பஸ் ஏறித் திருப்பூருக்கு வேலைக்கு வந்தேன். அந்த இடத்தை வெட்டினால் என்னையே வெட்டிய மாதிரி. என் வீட்டுக்காரருக்கு நான் வந்த கதை தெரியும், புத்தகம் தெரியாது. எத்தனையோ தடவை கையில் கொடுத்திருக்கிறேன். "இத்தத்தண்டி புக்கா? படமா வந்தா பாக்கறேன் புள்ள" என்று நழுவிவிடுவார்.

படம் ஆரம்பித்தது. அடப்பாவிகளா! நாயகி கையில் செல்போன்! கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். புத்தகத்தில் வருகிற பெரியப்பா பாத்திரத்தையே காணோம். "ரிஜெக்ட், ரிஜெக்ட்" என்று நான் முணுமுணுத்ததில் முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார்.

இடைவேளையில் பொங்கிவிட்டேன். "ஏனுங்க, ஆத்தையே காணமுங்க! ஊருல ஆறே இல்லீன்னா அவ எங்க எறங்கி நடப்பா?"

அவர் கட்டிங் மாஸ்டர். குழந்தை உடுப்பு வெட்டுவதில் கெட்டிக்காரர். "கத்தாத புள்ள. பெரியாளு பனியனை அப்படியே சின்னதாக்கிக் கொழந்தைக்கு வெட்டுனா தலை நொழையுமா? கழுத்தைக் கொஞ்சம் பெருசா வெச்சுத்தானே வெட்டோணும்?"

"பெருசா வெக்கட்டுமுங்க. இவங்க கழுத்தே இல்லாம தெச்சுப்போட்டாங்களே!"

அவர் பாப்கார்னை நீட்டினார். கோபத்தில் முக்கால்வாசியை நானே தின்றேன்.

பிற்பாதியில் அந்த இடம் வந்தது. பஸ் ஸ்டாண்டு. மாப்பிள்ளை வீட்டார் கார் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். நாயகி காரைப் பார்க்கிறாள். அப்பாவைப் பார்க்கிறாள். "நான் வரலீங்க" என்கிறாள். புத்தகத்தில் உள்ள அதே வார்த்தை! அந்தப் பக்கம் ஒரு பிரைவேட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நகர்கிறது. கட்டைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடித் தொற்றிக்கொள்கிறாள்.

புத்தகத்து நாயகிக்கு ஆறு. எனக்கு பஸ்தானே! என் கையிலும் அன்று அதே மாதிரி ஒரு கட்டைப் பைதான். முகம் தெரியாத ஒரு டைரக்டருக்கு யார் போய்ச் சொன்னார்கள்? "ஐயோ சாமி, ஏறிட்டா!" என்று எழுந்து நின்று கத்திவிட்டேன். கண்ணீர் வேறு, சிரிப்பு வேறு. முன் சீட்டுக்காரர் இந்தத் தடவை முறைக்கவில்லை.

"ஏம்புள்ள, பாஸா ரிஜெக்டா?" என்றார் என் வீட்டுக்காரர்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பல்லடம் ரோட்டில் திரும்பியதும் அவர் கேட்டார்: "அந்தப் புக்கை எங்க வெச்சிருக்கறே?"

"அதுல பஸ்ஸெல்லாம் வராதுங்க. ஆறுதான் வரும்."

"வரட்டுமே. நீ பஸ் ஏறுனதை இன்னைக்குக் கண்ணால பாத்துட்டேன். ஏறுறதுக்குத் தைரியம் எங்கிருந்து வந்துச்சுன்னு படிச்சுத்தான பாக்கோணும்."

வீடு போய்ச் சேரும்வரை யாருக்குப் பொறுமை! முதல் பக்கத்தை அங்கேயே, மனப்பாடமாக, அவர் காதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.