மாமாவுக்குள் போன இரிடியம்

என் அம்மாவின் தம்பி பாய்லர் குழாய் வெல்டர். வேலையிடத்தில் அவருக்குச் "சுருக்கு" என்று பெயர்; நெருப்பே இல்லாத இடத்திலும் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார்.

அவர் பற்றவைத்த ஜாயிண்ட் உள்ளே சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் படம் எடுப்பவர்கள் வருவார்கள். அவர்களுடைய கனமான பெட்டிக்குள் இரிடியம் இருக்கும். கதிர் வீசும் துளி உலோகம். மஞ்சள் கயிறு கட்டி, எல்லோரையும் விரட்டிவிட்டு, தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றுவார்கள். கேபிளோடு அது வெளியே வந்து ஜாயிண்டுக்குப் பக்கத்தில் நிற்கும். படம் விழுந்ததும் பெட்டிக்குள் திரும்பிவிடும். கயிறு கட்டுவதைக் கண்டாலே மாமா கிளம்பிவிடுவார், கையில் டீ இருந்தால் டீயோடு.

அந்த மாமாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "வெளியில இருந்து கொடுக்க வேண்டிய கதிர் எல்லாம் கொடுத்தாச்சு. இப்ப கட்டி மூச்சுக்குழாயை அடைக்குது. மூக்கு வழியா மெல்லிசா ஒரு குழாய் விட்டு, அதுக்குள்ள இரிடியத்தை அனுப்பி, கட்டிக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் நிறுத்துவோம். அப்புறம் வெளியே எடுத்துடுவோம்."

மாமா என்னைப் பார்த்தார். எங்கள் சொந்தத்தில் முதல் பட்டதாரி நான். பொருளாதாரம்தான், ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பட்டம் என்றால் பட்டம், எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன மாப்ளே, இரிடியம்னா சொன்னாங்க?"

"ஆமா மாமா."

"எந்த இரிடியம்?"

"அதே இரிடியம்தான்."

வராந்தாவுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "எந்தச் சாமானைக் கண்டு காலமெல்லாம் ஓடுனேனோ, அதை எனக்குள்ளயே விடுவாங்களாம்! சரி, விடட்டும். அது படம் எடுக்குற சாமான்டா. ஜாயிண்ட்ல ஓட்டை இருந்தா இருக்குன்னு காட்டும். அடைக்கவா செய்யும்? அது எப்படிக் கட்டியைக் கரைக்கும்?"

"ரொம்பக் கிட்ட வச்சா சுட்டுடும்னு நினைக்கிறேன் மாமா."

"நினைக்கிறியா?"

கூட வந்திருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை. "படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தே தூங்குறீங்க. வாசல் வரைக்கும் நடக்க முடியல. இதுல சாமானை விசாரிக்கிறீங்களா?"

"அந்தக் கதிர் எனக்குள்ளயே தங்கிட்டா, அப்புறம் நான் உன் பக்கத்துல எப்படி உக்காருறதாம்?"

"இத்தனை வருஷம் உக்காந்து என்னத்தைக் கண்டேன்!"

மாமா மறுபடி உள்ளே போய் டாக்டரம்மாவிடமே கேட்டார். "இரும்பு தாங்கும், கட்டி தாங்காது. ஒட்டி இருக்குற இடத்துலதான் முழு அடி விழும். தள்ளிப் போகப் போகக் குறைஞ்சிடும்" என்றார் அவர். மாமா தலையாட்டினார். முகம் ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்திருக்கும்போது மூச்சு விசிலடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, "பண்ணிடுங்க" என்றார்.

சிகிச்சை நாளன்று, லேசான மயக்க மருந்து கொடுத்து மூக்கு வழியாக விட்ட குழாயைக் கன்னத்தில் ஒட்டி, மறுமுனையை இரிடியம் இருக்கும் மெஷினில் மாட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக நர்ஸம்மா. கனத்த கதவு மூடத் தொடங்கியதும், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த டிவி திரையில் மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கட்டிலிலிருந்து ஒரு காலைக் கீழேயும் இறக்கியாயிற்று. எல்லோரும் வெளியேறினால் அவரும் வெளியேற வேண்டும். உடம்புக்குப் பழகினது அதுதான்.

நல்லவேளை, மெஷினை இன்னும் ஓட்டவில்லை. டெக்னீஷியன் மைக்கில் கத்தினார்: "ஐயா, படுங்க! குழாய் நகர்ந்துடும்!"

"எல்லாரும் போறாங்களே!" மாமாவின் குரல் ஸ்பீக்கரில் கரகரத்தது.

அத்தை மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "என்னங்க, அவங்கதான் போகணும். நீங்க இருக்கணும். இன்னைக்கு நீங்கதான் ஜாயிண்ட்."

திரையில் மாமா கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தார். அப்புறம் காலை மேலே எடுத்து, மெதுவாகப் படுத்தார். நர்ஸம்மா உள்ளே ஓடிக் குழாயைச் சரிபார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஆரம்பித்தார்கள். அது முடியும்வரை அத்தை மைக்கை விடவில்லை.

முடிந்ததும் ஒருவர் கதிரை அளக்கும் மீட்டரோடு போய் மாமாவின் நெஞ்சருகே பிடித்தார். "உங்ககிட்ட ஒண்ணும் இல்லைய்யா. எல்லாம் பெட்டிக்குள்ள திரும்பிடுச்சு." மாமா மீட்டரை வாங்கித் தானே ஒரு தடவை பார்த்தார்.

மயக்கம் தெளிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்ஸியில் டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறினார். "பின்னாடி வாங்க" என்றாள் அத்தை.

"இல்ல, நான் இங்கேயே..."

"மீட்டர்தான் சொல்லிடுச்சே!"

"மீட்டர் சொல்லிடுச்சு. எனக்குப் பிடிபடலையே."

பின்னால் வந்தார். ஆனால் தனக்கும் அத்தைக்கும் நடுவில் துணிப்பையை வைத்தார். அத்தை அதைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

பாதி வழியில் கேட்டார்: "அடுத்த வாரமும் இதே நேரமா மாப்ளே?"

"ஆமா. வருவீங்கல்ல?"

"வரேன். இப்போதைக்கு மூச்சு அப்படியேதான் இருக்கு. அது உள்ள போய் என்னதான் பண்ணுச்சுன்னு யாரைக் கேக்குறது?"

"டாக்டரம்மாவைத்தான் கேட்டீங்களே."

"கேட்டேன். இன்னொரு தடவை கேக்கணும்."