யாரோ எடுத்துவிட்ட கோப்பை

மூன்று வருடத்துக்கு முன்பு, மழைக்காலத் தொடக்கத்தில் நடந்தது இது. விருத்தாசலத்தில் ஸ்ரீமுஷ்ணம் சாலையிலிருந்து பிரியும் ஒரு புது நகரில் அப்போதுதான் வீடு கட்டி முடித்திருந்தோம். நகர் என்று பெயர்தான். மண் தெரு, எரியாத தெருவிளக்கு, மழை பெய்தால் எது தெரு எது சாக்கடை என்று தெரியாது.

எங்கள் வாசலுக்கு எதிரே சாக்கடை தெருவைக் கடக்கிறது. அதன்மேல் போட்டிருந்த சிமென்ட் பலகை ஜல்லி லாரி ஏறி உடைந்து, ஓர் ஆளின் கால் முழுசாக இறங்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. யார் வீட்டு லாரி என்று கேட்காதீர்கள். பலகை உடைந்த சமயத்தில் தெருவில் நான்கு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதில் எங்களுடையதும் ஒன்று.

வேறு ஊராக இருந்தால் ஒரு மரக்கிளையை நட்டு வைத்திருப்பார்கள். எங்களுடையது பீங்கான் ஊர் ஆயிற்றே! பக்கத்து வீட்டுப் பெண் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை செய்கிறாள். விரிசல் விட்டதென்று கழித்துப் போட்ட கழிப்பறைக் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து பள்ளத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள். தெருமுனையில் திரும்பும்போதே வெள்ளை வெளேரென்று தெரியும். யாரும் விழவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஆட்டோக்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை எங்கள் வீட்டுக்குக் 'கோப்பை வூடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டிய வீட்டுக்கு இப்படி ஒரு பெயரா என்று ஆத்திரமாக வரும்.

சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிப் புது வீட்டை மந்திரிக்கும் நாள் வந்தது. வேப்பூரிலிருந்தும் நல்லூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள். காலையிலேயே நானும் என் வீட்டுக்காரரும் கோப்பையைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே மறைத்து வைத்தோம். பந்தல்காரரிடம் ஒரு பலகை வாங்கிப் பள்ளத்தின் மேல் போட்டோம். வாசல் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

மறுநாள் பந்தல்காரர்கள் தங்கள் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோப்பை ஞாபகம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. இன்னும் ஒரு நாள் வாசல் இப்படியே இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் நல்ல மழை. தெருவெல்லாம் தண்ணீர். ஐந்தரை மணி இருக்கும், "ஐயோ, அம்மா!" என்று வாசலில் ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், வேலை விட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண் தொடை வரைக்கும் பள்ளத்துக்குள் இருந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே தெருக்காரர்கள் கூடினார்கள். எல்லோருக்கும் கோபம். நகர் சங்கச் செயலாளர், "இப்புடியே வுட்டா நாளைக்குப் பிள்ளைங்க வுழும்" என்றார். கோப்பை எங்கே போனது என்று பேச்சு வந்தது. "பழைய சாமான் வாங்க வரானே, அவன்தான் தூக்கினு போயிருப்பான். தெனம் நோட்டம் வுட்டுனு போறான்" என்றார் ஒருவர். விரிசல் விட்ட பீங்கானை எந்தக் கடையில் எடைக்கு வாங்குவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. இனிமேல் அந்த ஆளைத் தெருவுக்குள் விடக் கூடாது என்று முடிவாயிற்று. நான் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பத்திரம் எழுதும் ஆபீஸில் எனக்கு வேலை. அதனால் புதுப் பலகை கேட்டு நகராட்சி ஆபீஸுக்குக் கொடுக்கும் மனுவை என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "மேற்படி பள்ளத்தின் மீது பொதுமக்கள் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டிருந்த பொருளை யாரோ சமூக விரோதிகள் அகற்றிவிட்டபடியால்..." என்று போனது மனு. பழைய சாமான்காரரைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். "கையெழுத்து முத்து முத்தா இருக்குதும்மா" என்றார் செயலாளர். சொன்னால் வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் கையெழுத்து அடிபட்டவளுடையதாக இருக்கட்டும் என்றார்கள். மனுவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். படித்துக் காட்டினேன்.

"யாரோன்னா யாரு அக்கா?" என்று கேட்டாள்.

"மனுவுல அப்புடித்தான் எழுதுவாங்க" என்றேன்.

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "வூடு மந்திரிச்ச அன்னிக்கு சாப்பிட வந்தப்பவே, மாடிப்படிக்குக் கீழ கோப்பையப் பாத்தேன்க்கா. நல்ல நாளு, ஏன் கேக்கணும்னு வுட்டுட்டேன். அப்புறம் எடுத்து வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். மழையில வெள்ளையா ஒண்ணும் தெரியல. பள்ளம் இன்னும் வரலன்னு நெனச்சு கால வெச்சிட்டேன்."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சாமான்காரரு பாவம், என்ன பண்ணாரு? இத மாத்தாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அதைக் கிழித்தேன். புதிதாக எழுதி, மறுநாள் சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு நானே படித்தேன். "மேற்படி பொருளை இம்மனுவை எழுதும் நானே என் வீட்டு விசேஷத்துக்காக அகற்றி, திரும்ப வைக்காமல் விட்டபடியால்..." என்ற இடம் வந்தபோது அந்த வரியை மட்டும் இரண்டு தரம் படித்தேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள்.

"என்னம்மா இது? இப்புடி எழுதினா ஆபீஸ்ல நம்மளயே திருப்பிக் கேப்பாங்களே" என்றார் செயலாளர்.

"கேக்கட்டும் சார்" என்றேன்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண்தான் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களும் அரை மனதாகப் போட்டார்கள். கோப்பையை அன்றே பழையபடி பள்ளத்தின் மேல் கவிழ்த்து வைத்தோம். பழைய சாமான்காரர் வழக்கம்போலத் தெருவுக்குள் வந்துபோனார், இந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்துப் புதுப் பலகை போட்டார்கள், விளக்கும் எரிகிறது. அவளால் நடக்க முடிகிறது, வேலைக்குப் போகிறாள். தரையில் குந்தி உட்கார மட்டும் முடியாது. தண்ணீர் பிடிக்கும்போது, "குளுருக்கு இந்தக் காலு கொடையுதுக்கா" என்று சாதாரணமாகச் சொல்வாள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியாது.

குப்பை அள்ளவில்லை, நாய்த் தொல்லை, திருட்டு பயம் என்று தெருக்காரர்கள் இன்றும் என்னிடம்தான் மனு எழுத வருகிறார்கள். எழுதித் தருகிறேன். 'யாரோ' என்ற வார்த்தை வந்தால் மட்டும் பேனாவை நிறுத்தி, முதலில் என் வீட்டுக்குள் ஒரு தரம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தையை எழுதுகிறேன்.