கேட்டாத்தான் அவுட்

தோலத் தொட்டுப் பாத்து அது எந்தத் தரம்னு சொல்றதுதான் என் பொழப்பு. ஆம்பூர்ல எங்க டேனரியில பதனிட்டு முடிச்ச தோல் ஒவ்வொண்ணும் மெட்ராசுக்கு ரயில் ஏர்றதுக்கு முன்னாடி என் கைக்கு வரும். கட்டவெரலால அழுத்திப் பாத்து, வெளிச்சத்துல புடிச்சு, மொத தரம், ரெண்டாந்தரம், கழிசல்னு சொல்லிடுவேன். முதலாளி மூஞ்சியப் பாத்து ஒரு கழிசல மொத தரம்னு சொன்னவன் இல்ல நான். இத பெருமைக்குச் சொல்லல. நான் சொல்ல வந்த விஷயம் இத்தன வருஷம் கழிச்சும் என்ன அறுக்குறதுக்குக் காரணமே இதுதான்.

கிரிக்கெட்டுன்னா இன்னான்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாத காலம் அது. எனக்குத் தெரியும். வேல கத்துக்க மெட்ராஸ் பெரியமேட்டுத் தோல் மண்டியில கெடந்தப்போ, அங்க தோல் வாங்க வர்ற ஒரு வெள்ளக்காரரு சனிக்கெழம ஆனா என்ன மைதானத்துக்குக் கூட்டினு போவாரு. ஆடுறதுக்கு இல்ல, அம்பயரா நிக்க. நாள் பூரா வெயில்ல நிக்க அவங்க ஆளுங்களுக்கு இஷ்டம் இல்ல, நான் ஆப்ட்டேன். சட்டம் மொத்தமும் நின்னு நின்னே மனப்பாடம் ஆயிடுச்சு.

அப்புறம் நான் ஆம்பூருக்கு வந்து வருஷங்க ஓடிப்போச்சு. எங்க முதலாளியோட ரெண்டாவது மகன் மெட்ராஸ்ல காலேஜ் முடிச்சுட்டு வந்தாரு. அவரத்தான் சின்ன முதலாளின்னு கூப்டுவோம். வரும்போது ஒரு மரப்பெட்டி நெறைய மட்டை, ஸ்டம்பு, காலுக்குக் கட்டுறது, கைக்கு மாட்டுற கிளவுஸ், எல்லாம் கொண்டாந்தாரு. ஊர்ல ஒரு டீம் கட்டணும்னு அவருக்கு ஒரே பித்து. நான் அம்பயரா நின்னவன்னு தெரிஞ்சதும் என் கையப் புடிச்சவரு விடவே இல்ல. பெரிய முதலாளிக்கு இதுல சம்மதம் கெடையாது. வேலக்கார ஆளுங்களும் ஆபீஸ் ஆளுங்களும் ஒண்ணா வெளாடுனா மரியாத கெட்டுப்போயிடும்னு சொன்னாரு. ஆனாலும் வெள்ளிக்கெழம டேனரி லீவு. ஜும்மா தொழுக முடிஞ்சப்புறம் எதையாவது பண்ணிக்கோங்கன்னு விட்டுட்டாரு.

தோல் காயப்போடுற எடம்தான் மைதானம். நடுவுல கயித்துப் பாய விரிச்சு ஆணி அடிச்சோம். ஆபீஸ் சைடு, குழி சைடுன்னு ரெண்டா பிரிச்சோம். சுண்ணாம்புக் குழியில எறங்கி தோல் இழுக்குறவங்க, பதம் போட ஆவாரம்பட்ட எடுத்துப் போடுறவங்க, வண்டி ஓட்டுறவங்க எல்லாம் குழி சைடு. ஆபீசுக்கு ஒரு தண்ணிப்பான, குழிக்கு ஒரு தண்ணிப்பான. நான் குடிச்சது ஆபீஸ் பானையில. மொத நாள் பந்தக் கையில குடுத்தப்போ, இத எப்படிப் போடணும்னு குழிக்காரங்க ஒருத்தனும் கேக்கல. மோந்து பாத்தாங்க. நகத்தால கீறிப் பாத்தாங்க. எந்தப் பட்டையில பதம் போட்டிருப்பான் சீமைக்காரன்னு அர மணி நேரம் சண்ட போட்டாங்க. சின்ன முதலாளி சிரிச்சுச் சிரிச்சு உக்காந்துட்டாரு.

அதுல ஒருத்தன், சுண்ணாம்புக் குழி ஆளு, முப்பது வயசு இருக்கும். சுண்ணாம்பு தின்னு தின்னு வெரல் நுனியில தோலே இருக்காது. அந்த வெரல வெச்சுக்கினு பந்த எப்படித்தான் புடிப்பானோ, பாயில குத்துனா பந்து உள்ள திரும்பும், சில சமயம் வெளிய போவும். ஈரத் தோலக் குழியில இருந்து இழுத்துத் தோளுக்கு மேல வீசி வீசி வந்த கை அது. மெட்ராஸ்ல கூட அப்படி ஒரு பந்து நான் பாத்ததில்ல. இத அவங்கிட்ட நான் சொன்னதில்ல, சொல்லியிருக்கலாம்.

இந்த ஆட்டத்துல ஒரு சட்டம் உண்டு. ஆளு அவுட்டுன்னு அம்பயர் கண்ணால பாத்தாலும் தானா சொல்லக்கூடாது. பந்து போடுற சைடு கேக்கணும். கேட்டாத்தான் கை தூக்கணும். இதச் சொன்னப்போ குழிக்காரங்க சிரிச்சாங்க. பாத்துட்டு சும்மா நிப்பீங்களா, இன்னா ஆட்டம் மேஸ்திரி இதுன்னாங்க. இங்கிலீஷ்ல கேக்கணுமான்னு பயந்தாங்க. எந்த பாஷையா இருந்தா இன்னா, எப்பிடின்னு ஒரு வார்த்த போதும்னு சொன்னேன். அப்புறம் தங்களுக்குள்ள ஆடுறப்போ எதுக்கெடுத்தாலும் கேட்டாங்க. பந்து வேப்பமரத்துல பட்டதுக்கெல்லாம் கேட்டாங்க. எனக்கு பேஜாரா போச்சு.

ஆனா சின்ன முதலாளி மட்டையோட வந்து நின்னா எல்லார் வாயும் பூட்டிக்கும். பந்து மட்டையில உரசிப் பின்னாடி நிக்கிறவன் கைக்குப் போவும், ஒருத்தன் பேசமாட்டான், எல்லாரும் தரையப் பாப்பாங்க. ஸ்டம்பு விழுந்தாத்தான் அவரு வெளிய போவாரு. அவருக்கும் விஷயம் புரியல. ஒருத்தரும் கேக்கலியே, அப்போ பட்ட மாதிரி இருந்தது நம்ம பிரமைதான்னு நெனச்சுக்குவாரு. நாலஞ்சு மாசம் இதே கூத்து. ஒரு நாள் எனக்கு எரிச்சல் தாங்கல. பந்து போடுற அந்தச் சுண்ணாம்புக் குழி ஆளத் தனியா இழுத்துனு போயி, வாயில இன்னா கொழுக்கட்டையாடா வெச்சிருக்கன்னு திட்டுனேன்.

"எங்களுக்குக் கேட்டுப் பழக்கம் இல்ல மேஸ்திரி. குடுத்தா வாங்கிக்குவோம்"னான்.

அந்த சமயத்துலதான் வேலூர்ல இருந்து ஒரு டீம் ஆட வரச்சொல்லிக் கடுதாசி போட்டுது. சின்ன முதலாளி பத்துப் பேரு எழுதிட்டாரு, எல்லாம் ஆபீஸ் சைடு. பதினொண்ணாவது எடத்த காலியா வெச்சுட்டு, வர்ற வெள்ளிக்கெழம குழி சைடுல எவன் என்ன அவுட் பண்றானோ அவன் வேலூருக்கு வர்றான், எவனும் பண்ணலன்னா என் மச்சான் வர்றான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. அவரு அத வெளையாட்டா சொல்லல. ஒரு குழிக்காரனாவது அந்த டீம்ல இருக்கணும்னு அவருக்கு உள்ளுக்குள்ள ஆசை இருந்துச்சுன்னு இப்போ தோணுது.

அன்னிக்கு சாயங்காலம் அந்தச் சுண்ணாம்புக் குழி ஆளு என் வீட்டுக்கு வந்தான். வாசல்லயே நின்னான். வெள்ளச் சட்ட ஒண்ணு கெடைக்குமா மேஸ்திரின்னு கேட்டான். அவன் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டு நான் பாத்தது அதான் மொத தடவ. ஜெயிச்ச மாதிரியே சட்ட கேக்குறியேடான்னு கிண்டல் பண்ணேன். அவன் சிரிக்கல.

"வேலூருக்கு ஒரே ஒரு தடவ போயிருக்கேன், எங்கப்பாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு. வர்றப்போ தனியாத்தான் வந்தேன். இன்னொரு தடவ வேற எதுக்காவது போவணும் மேஸ்திரி"ன்னான்.

பொட்டியில இருந்து நல்ல சட்டையா ஒண்ணு எடுத்துக் குடுத்தேன்.

வெள்ளிக்கெழம வந்துச்சு. வேப்பமரத்தடியில ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க. பெரிய முதலாளி வந்து உக்காந்துட்டாரு. அதுவரைக்கும் ஒரு தடவ கூட எட்டிப் பாக்காதவரு அன்னிக்குன்னு பாத்து வந்தாரு. நான் ஆடப்போறதில்ல, நிக்கத்தான் போறேன், ஆனாலும் ஸ்டம்ப ரெண்டு தடவ புடுங்கிப் புடுங்கி நட்டேன்.

சின்ன முதலாளி நல்லா ஆடுனாரு. அவன் போட்ட ஒரு பந்து திரும்பி மட்டையோட ஓரத்துல உரசுச்சு. பின்னாடி நின்ன வண்டிக்காரன் புடிச்சுட்டான். சத்தம் எனக்குத் தெளிவா கேட்டுது. பந்து போட்டவன் திரும்பி என்னப் பாத்தான். வாய் லேசா தொறந்துச்சு, மூடிக்கிச்சு. சின்ன முதலாளியும் நின்னாரு, என்னப் பாத்தாரு, மறுபடி ஆடத் தயாராயிட்டாரு. என் கை முதுகுக்குப் பின்னாடியே இருந்துச்சு. கேக்காதத நான் எப்படிக் குடுப்பேன்?

தண்ணி குடிக்க நிறுத்துனப்போ குழிப் பான பக்கம் போனேன். அவங்கிட்ட குனிஞ்சு மெதுவாத்தான் சொன்னேன், ஆனா ஒவ்வொரு வார்த்தயும் எனக்கு ஞாபகம் இருக்கு.

"கேளுடா. பயப்படாத. நீ கேட்டா நான் குடுக்குறேன். நான் இருக்கேன்ல?"

அவன் தலைய ஆட்டுனான். ஈரக் கைய வேட்டியில தொடச்சுக்கினு போனான்.

மூணாவது பந்தோ நாலாவது பந்தோ. அதே எடத்துல குத்துச்சு, அதே மாதிரி திரும்புச்சு. மட்டையில பட்ட சத்தம் மரத்தடி வரைக்கும் கேட்டிருக்கும். வண்டிக்காரன் புடிச்சான். பந்து போட்டவன் சுத்தித் திரும்பி எனக்கு நேரா நின்னான். தோல் போன அந்த ரெண்டு கையையும் விரிச்சான்.

"எப்பிடிங்க?"ன்னான்.

கத்தல. ங்க போட்டு மரியாதையாக் கேட்டான். வண்டிக்காரன் பந்த நெஞ்சோட அணைச்சுக்கினு நின்னான். சின்ன முதலாளி இடது கை கிளவுஸ இழுத்துக்கினு இருந்தாரு. நான் அவனப் பாக்கல. என் கண்ணு மரத்தடிக்குப் போச்சு. பெரிய முதலாளி நாற்காலியில முன்னாடி சாஞ்சு, மகனப் பாக்காம என்னப் பாத்துனு இருந்தாரு. ஒரு குழிக்காரன் கேட்டு, நான் கை தூக்கி, அவரு மகன் தலையத் தொங்கப் போட்டுக்கினு நடந்து வர்றத நெனச்சேன். மறுநாள் வேலைக்குப் போறத நெனச்சேன். ஒரு மூச்சு விடுற நேரம்தான். தலைய ஆட்டுனேன், இல்லன்னு.

அவன் கை மெதுவா எறங்குச்சு. என்ன ஏன்னு கேக்கல. பந்த வாங்கிக்கினு திரும்ப நடந்தான். அதுக்கப்புறம் போட்ட பந்தெல்லாம் நேராத்தான் போச்சு, ஒண்ணு கூட திரும்பல. சின்ன முதலாளி கடைசி வரைக்கும் அவுட்டாகல.

பொழுது சாயறப்போ சின்ன முதலாளி என்ன ஆபீசுக்குக் கூப்ட்டாரு. மேஜ மேல பத்துப் பேரு எழுதுன காயிதம் இருந்துச்சு. உக்காருங்க மேஸ்திரின்னாரு. நான் உக்காரல.

"பந்து பட்டுச்சு மேஸ்திரி. நீங்க கை தூக்குவீங்கன்னு கிளவுஸ கூட கழட்ட ஆரம்பிச்சுட்டேன். அதுக்குள்ள நீங்க இல்லன்னுட்டீங்க. அம்பயர் சொன்னா அதான் முடிவுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க, அதான் நின்னுட்டேன்"னாரு.

அவரு பேனாவ எடுத்து மூடியக் கழட்டுனாரு.

"இந்தப் பதினொண்ணாவது பேர இன்னும் எழுதல. நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

கேட்டாத்தான் குடுப்பாங்கன்னு அஞ்சு மாசம் ஊருக்கே பாடம் எடுத்தவன் நான். இங்க ஒருத்தரு கேளுன்னு பேனாவத் தொறந்து வெச்சுக்கினு உக்காந்திருக்காரு. பயத்துல பொய் சொல்லிட்டேன் முதலாளி, அவனக் கூட்டினு போங்கன்னு சொன்னா போதும். அவ்ளோதான். ஆனா அதச் சொன்னா, நான் மூஞ்சியப் பாத்துத் தரம் சொல்றவன்னு ஆயிடுமே. நாளைக்கு நான் மொத தரம்னு சொல்ற தோல யாரு நம்புவாங்க? அதுதான் அந்த நேரத்துல எனக்குப் பெருசா தெரிஞ்சுது, வெக்கக்கேடு.

ஒண்ணுமில்லைங்க முதலாளி, உங்க இஷ்டம்னு சொன்னேன். அவரு மச்சான் பேர எழுதுனாரு.

மறுநாள் காலையில நான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே சட்ட என் வீட்டுக்கு வந்துடுச்சு. அவன் பொஞ்சாதி கொண்டாந்து குடுத்தா. தொவச்சு, கஞ்சி போட்டு, மடிச்சு வெச்சிருந்துச்சு. அவன் அதப் போட்டே பாக்கலன்னு சொன்னா. அப்புறம் எதுக்கும்மா தொவச்சன்னு கேட்டேன். வேலூருக்குப் பொட்டலம் கட்டி அனுப்புனா மடிப்பு கலையாம இருக்கணும்னு வியாழக்கெழமையே தொவச்சதுன்னா.

வேலூர்ல எங்க டீம் தோத்துது. அதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆட்டம் மட்டும் ஊர்ல வேர் புடிச்சுக்கிச்சு. ரெண்டு வருஷத்துல பக்கத்து டேனரிங்கள்லயும் டீம் வந்துச்சு, வாணியம்பாடியில இருந்தெல்லாம் வந்து ஆடுனாங்க. எல்லாரும் என்னக் கையெடுத்துக் கும்புட்டு, ஆம்பூருக்குக் கிரிக்கெட்டக் கொண்டாந்தவருன்னு சொல்லுவாங்க. அவனும் வருவான். ஆட்டத்த விடல. வெள்ளிக்கெழம தவறாம வந்து பந்து போடுவான், பந்தும் மறுபடி திரும்ப ஆரம்பிச்சுது. எம்மேல கோவம் இருந்த மாதிரியே தெரியல, பாத்தா மேஸ்திரின்னு சிரிப்பான்.

ஆனா மட்டையில உரசிப் பந்து கைக்குப் போனா, யாரு மட்டையா இருந்தாலும் சரி, அவன் என் பக்கம் திரும்பமாட்டான். பந்த வாங்கிக்கினு நேரா தன் எடத்துக்கு நடந்துடுவான். அவன் கேக்காதத மத்தவங்களும் கேக்கமாட்டாங்க. ஏழு வருஷம் அவன் பின்னாடி அம்பயரா நின்னேன். சத்தம் கேக்கும், என் வெரல் முதுகுக்குப் பின்னாடி நீட்டிக்கினு தயாரா இருக்கும், ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேளேன்டான்னு மனசு கெஞ்சும். அவன் கேக்கவே இல்ல.