எறியாத பந்து

குட்மேய்ஸ் பூங்காவில் ஞாயிறு காலைகளில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய கழகத்தில் என் அண்ணை மட்டுமே தமிழர். பெற்றோல் நிலையத்தில் அவரோடு வேலை செய்த ஒருவர் அவரைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டிருந்தார். ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவர் அண்ணை. எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். புள்ளியியல் படித்தேன்; யாரும் கேட்காமலே அதைச் சொல்லுவேன். அண்ணையின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே சும்மா நிற்க என்னால் முடியவில்லை. யார் ஓடினார், யார் எறிந்தார், எத்தனை கஜம் கிடைத்தது என்று ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன்.

அந்த விளையாட்டில் நாலு முயற்சிக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். பந்தைக் கையில் வைத்து ஓடலாம். அல்லது எறிபவரான குவாட்டர்பேக் தூர எறிய, இன்னொருவர் பிடிக்கலாம். பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் எங்கள் குவாட்டர்பேக்கின் தோள் விலகியது. அவருக்குப் பதிலாக வந்தவர் எறிந்த பந்து காற்றில் தள்ளாடியது. தோற்றால் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும்.

நான் கொப்பியோடு பயிற்சியாளரிடம் போனேன். நமது புள்ளிகளில் பெரும்பாலானவை ஓடி எடுத்தவை, எறியவே வேண்டாம், எதிரணியை மறித்தால் போதும் என்றேன். எப்படி மறிப்பது என்று கேட்டார். அண்ணையைக் காட்டினேன். ஊரில் கிளித்தட்டு ஆடி வளர்ந்தவர் அவர். அதில் மறிப்பவன் தன் கோட்டை விட்டு இறங்கக் கூடாது. இங்கேயும் எதிராளி எவ்வளவு போக்குக் காட்டினாலும் துரத்தாமல் நின்ற இடத்திலேயே நிற்பார். அதற்காக வருடம் முழுக்க ஏச்சு வாங்கியவர். ஆனால் அவர் நின்ற பக்கத்தால் எவரும் தூரம் போனதாக என் கொப்பியில் இல்லை. எல்லாரும் அப்படியே நிற்கட்டும் என்றேன். பயிற்சியாளர் சிரித்தார். பிறகு சம்மதித்தார்.

"தோத்தா உன்னைத்தான் சொல்லுவாங்கள், தெரியுமோ?" என்றார் அண்ணை.

"தோக்க மாட்டியள்."

அந்தக் கிழமை விரிவுரைகளில் ஆட்டக் கட்டங்கள் கீறிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தில் முதலில் நாங்கள்தான் முன்னுக்கு நின்றோம். அண்ணை ஓடி ஒரு முறை எல்லைக் கோட்டைக் கடந்து புள்ளி எடுத்தார். எதிரணி ஒவ்வொரு பக்கமாக முட்டிப் பார்த்துத் திரும்பியது; பந்தை உதைத்து எடுத்த சில புள்ளிகள்தான் அவர்களுக்குக் கிடைத்தன. நான் கோட்டோரம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தபடியே இருந்தேன். கடைசிக் கட்டத்தில் அவர்களுடைய குவாட்டர்பேக் எங்கள் எல்லாருடைய தலைக்கும் மேலால் ஒரு பந்தை எறிந்தார். அவர்களில் ஒருவர் அதைப் பிடித்து எல்லைக் கோட்டைக் கடந்தார். நாங்கள் ஐந்து புள்ளி பின்னுக்குப் போனோம்.

மூன்று நிமிடம் இருந்தது. நாங்கள் ஓடினோம். நாலு கஜம், மூன்று கஜம். ஒவ்வொரு முறை விழுந்து எழும்பும்போதும் நேரம் போய்க்கொண்டே இருந்தது. முன்னுக்கு நிற்கும்போது எங்களுக்கு உதவிய அதே ஓட்டம் இப்போது நேரத்தைத் தின்றது. பயிற்சியாளர் என்னிடம் வந்தார். எறியச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

எறியத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். மிச்சமிருந்த தூரத்தையும் நேரத்தையும் வகுத்துப் பார்க்கப் படிப்பே தேவையில்லை. ஓடச் சொன்னேன்.

எல்லைக் கோட்டுக்கு இருபது கஜம் இருக்கையில் முடிவு விசில் ஒலித்தது. கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

திரும்பி வந்த பஸ்ஸில் அண்ணை முழங்கையில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் எறியச் சொல்லேல்லை?"

"அவன் எறிஞ்சாலும் விழுத்தியிருப்பான்."

"விழுத்தினா விழுத்தட்டும். அந்த மனுசன் உன்னை நம்பியெல்லோ கேட்டது."

அந்த ஆண்கள் எல்லார் முன்னாலும் என் திட்டம் இனிச் சரிவராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை அவரிடமும் சொல்லவில்லை. அங்கே இருக்க முடியாமல் வீட்டுக்கு இரண்டு தரிப்பிடம் முன்னாலேயே இறங்க மணியை அடித்தேன். அண்ணை பையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் இறங்கினார்.