பாலைமரத்தில் செருகிய குழை

சொந்த ஊரான கரவெட்டியிலிருந்து கிளிநொச்சிக் காட்டுக்கு வந்து இறங்கிய அன்றே இராசமலருக்குத் திரும்பிப் போய்விட வேண்டும் போலிருந்தது. குடியேற்றத் திட்டத்தில் கணவன் வீரகத்திக்குக் கிடைத்த காணி, பேருக்குத்தான் காணி. உண்மையில் ஒரே காடு. நடுவில் ஒரு பாலைமரம். நாலு பேர் கைகோத்தாலும் அதன் அடி பிடிபடாது.

காட்டுக்குள் கால் வைக்கிறவர்கள் ஒரு இலைக்குழையை முறித்து, கிளை பிரியும் மரக்கவரில் செருகி, ஐயனாரிடம் காவல் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். கூட வந்த பெண்கள் சொல்லிக்கொடுக்க, அவளும் பாலையில் ஒரு குழை செருகினாள். யானைக்குப் பயந்து கும்பிடுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் கேட்டதோ வேறு. “ஐயனே, என்னைக் கெதியிலை ஊருக்கு அனுப்பிவிடு.”

“ரண்டு போகம் எடுத்தாப் போதும், இஞ்சாரும். ஊருக்குப் போயிடுவம்” என்றான் வீரகத்தி. நல்ல மனிதன், பொய் சொல்லத் தெரியாதவன். ஆனால் வயலுக்கு அது தெரியவில்லையே! காடு வெட்டி விதைத்த முதல் வருஷம் மழை பொய்த்தது, மறுவருஷம் வெள்ளம், அடுத்ததைப் பன்றி தின்றது.

ஊருக்குப் போகப்போகிறவளுக்கு நிலையான வீடு எதற்கு? கைக்கு அகப்பட்ட தடிகளை நட்டுத் தென்னோலைக் கிடுகு வேய்ந்தால் போதும் என்றுவிட்டாள். கறையான் விடுமா? ஒவ்வொரு மாரிக்கும் முன்னால் அவள் தூண்களைக் கையால் தள்ளிப் பார்ப்பாள், ஆடும். அந்த ஆட்டத்தில் அவளுக்குத் தொடக்கத்தில் ஒரு திருப்திகூட இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. தடி மாற்றி, மண் குழைத்து, கிடுகு பின்னி அலுத்துவிட்டது. கடைசியில் ஊரை நினைப்பதே அலுப்பாக இருந்தது.

பாலையில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அவளுடைய குழையைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் செருகிச் செருகி அதைக் கோயிலாக்கிவிட்டார்கள்.

நாலாம் வருஷ மார்கழி மழையில் நடுத்தூண் முறிந்து, கூரை அப்படியே குந்திவிட்டது. உள்ளே தவழ்ந்துகொண்டிருந்தாள் மகள் அருந்ததி. கிடுகுகளைப் பிய்த்தெறிந்து பார்த்தபோது, உரலுக்கும் சுவருக்கும் இடையில் வாயெல்லாம் மண்ணோடு பிள்ளை உயிரோடிருந்தது. இராசமலர் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

புது வீடு கட்டத் தச்சுவேலைக்கு வந்தவர் ஓடாவியார் பரமலிங்கம். பாலைமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“பாலையிலை தூண் போட்டால் கறையான் கிட்டவும் வராது. பச்சையிலையே துளை போட்டிட வேணும், காய்ஞ்சால் உளி இறங்காது. ஒருக்கா நட்டால் உங்கடை பேரப்பிள்ளையளின்ரை காலத்துக்கும் நிக்கும். ஆனால் குழை செருகின மரத்திலை நான் கோடாலி வைக்கமாட்டன். முதல் செருகினவா போய் ஐயனாரிட்டை விடை கேக்கட்டும்.”

இராசமலரின் காதில் விழுந்தது பேரப்பிள்ளைகள் என்ற ஒரு சொல்தான். அவளுடைய பேரப்பிள்ளைகள், இந்தக் காட்டிலா? வீரகத்தியைப் பார்த்தாள். “ஊருக்குப் போவம்” என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும், அப்படியே எழும்பிப் போய்விடுவாள். அவன் எப்படிச் சொல்வான்? ஊரில் இருந்த அவனுடைய துண்டுக் காணியும் தம்பியின் பேருக்கு மாறிவிட்டது அவளுக்கும் தெரியும்.

அவள் சுளகை எடுத்துக்கொண்டு பாலையடிக்குப் போனாள். கவரில் கிடந்த காய்ந்த குழைகளையெல்லாம் கூட்டி அள்ளி, காணி ஓரத்தில் நின்ற வீரைமரத்தடியில் கொட்டினாள். புதுக் குழை ஒன்றை முறித்து வீரையில் செருகினாள்.

“ஐயனே, இனி இஞ்சை வந்திரு. ஊருக்கு அனுப்பச் சொல்லி இனிக் கேக்கமாட்டன். கேட்டுக் கேட்டு நானும் களைச்சுப்போனன். நீயும் களைச்சிருப்பாய்.”

பாலை இலேசில் விழவில்லை. கோடாலியின் வாய் தெறித்தது. தீட்டித் தீட்டி வெட்டினார்கள். வெட்டிய இடமெல்லாம் பால் கசிந்தது. விழுந்தபோது குளக்கட்டு வரைக்கும் சத்தம் கேட்டதாம்.

முதல் தூணைக் குழியில் இறக்கியதும், “வீட்டுக்காரியே மண் போடட்டும்” என்றார் பரமலிங்கம். அவள் மண் போட்டாள். ஆண்கள் இறுக இடித்தார்கள். எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனபின், பழக்கதோஷத்தில் தூணைக் கையால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். பிறகு தோளைக் கொடுத்து, உள்ள பலமெல்லாம் சேர்த்துத் தள்ளினாள்.

பின்னால் வந்த வீரகத்தி திடுக்கிட்டுப் போனான். “ஏன் இஞ்சாரும் அழுறீர்? தூண் ஆடுதோ?”

“இல்லை,” என்றாள், முகத்தைத் துடைக்காமலே. “ஆடேல்லை.”