பத்தாம் நாள் நான் எம்பவில்லை

என்னைத் தலைக்கு மேல் தூக்கவேண்டிய ஒருவரின் கைகளில், அவருடைய ஊர் பார்த்துக்கொண்டிருக்க, நான் வேண்டுமென்றே பாரமாகத் தொங்கினேன். அவரால் என்னைத் தூக்க முடியவில்லை. கால் தவறியோ பயந்தோ நடந்த காரியமல்ல. ஒரு முழு நாள் யோசித்துவிட்டுச் செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. துறைமுகத்தில் ஒரு கந்தோரில் கணக்கெழுதும் கிளாக்கர். விடியற்காலையில் பாரம் தூக்கிப் பயிற்சி செய்வேன். பார்வைக்கு உடம்பு நன்றாக இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்து வெளியில் கார்னிவல் வந்தபோது, அதன் முதலாளி மல்யுத்தக் காட்சிக்கு உள்ளூரில் இரண்டு பேரைத் தேடினார். ஒருவன் நான். மற்றவர் கடலுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து, இறங்குதுறையில் கோதுமை மா மூட்டை சுமப்பவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். கந்தோர்க்காரன் என்பதால் அவர் என்னை ஐயா என்பார்.

முதலாளி எங்களை ஒரு கிழமை பழக்கினார். வீசுவது, விழுவது, நோகாமல் நோவது எல்லாம் சொல்லித் தந்தார். முக்கியமானது ஒன்று. தூக்குகிறவர் மற்றவரின் தொடையை விரலால் ஒருதரம் அமுக்குவார். அந்தக் கணம் தூக்கப்படுகிறவர் தானாகவே மேலே எம்பவேண்டும். எம்பினால் ஆள் பஞ்சு மாதிரிப் போவான். எம்பாமல் உடம்பைத் தளரவிட்டால் எந்தப் பலசாலியும் நிமிர ஏலாது. சனத்துக்கு இது தெரியக்கூடாது.

முடிவையும் அவரே வகுத்தார். பத்து நாளும் அண்ணை என்னைத் தூக்கிப் போடுவார். மூட்டை சுமக்கிறவன் கிளாக்கரைப் போட்டால்தான் துறைமுகத்துச் சனம் வரும் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

ஒன்பது நாள் எம்பினேன், ஒன்பது நாள் விழுந்தேன். அவர் கவனமாகப் போடுவார். என் தலை பலகையில் அடிபடாமல் ஒரு கை எப்போதும் என் பிடரியில் இருக்கும். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் கந்தோரில் என் மேசையில் சாய்ந்துகொண்டு, "என்ன கிளாக்கர், நேற்றும் மா மூட்டையோ?" என்று கேட்டவர்கள்தான் பெரிதாகத் தெரிந்தார்கள். கடைசி நாள் ஆட்டத்துக்குப் பெரிய கிளாக்கர் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அவருடைய மகளை எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அண்ணைக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள் கூடாரத்துக்குப் பின்னால் அண்ணை முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அண்ணை, நாளைக்கு ஒருநாள் என்னைத் தூக்காமல் விடுங்கோ. சமனா முடிப்பம்."

"ஏன், இடுப்பு நோகுதோ?"

"கந்தோர் ஆக்கள் வருகினம்."

"என்ர ஆக்களும்தான் வருகினம். அப்பு, மாமா ஆக்கள், லோஞ்சு நிறைய வருகினம்." சிரித்தார். "பயப்பிடாதையுங்கோ ஐயா, வடிவா விழுத்துறன். பொம்பிளை பகுதிக்கு உங்கட முகம் நல்லாத் தெரியிற மாதிரி."

அது பகிடி. நானும் சிரித்திருக்கலாம். மூட்டை சுமக்கிறவனுக்கு வந்த கொழுப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பின்னேர ஆட்டம். முன்வரிசைக் கதிரைகளில் என் ஆட்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிலத்தில் அவருடைய ஆட்கள். நடுவில் வெள்ளை வேட்டியோடு அவருடைய தகப்பன், அப்பு. வழக்கமான இடத்தில் அவர் குனிந்து என்னைப் பிடித்தார். தொடையை அமுக்கினார். நான் எம்பவில்லை.

"எம்புங்கோ," என்றார் மெதுவாக.

இரண்டாம் தரம் அமுக்கினார். நான் இன்னும் தளர்ந்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்து என் கன்னத்தில் முட்டியது.

"ஐயா, அப்பு பாத்துக்கொண்டு இருக்கிறார்."

அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு, கால் இரண்டையும் தரையிலிருந்து எடுத்து முழுப் பாரத்தையும் அவர் தோளில் போட்டேன். முழங்கால் மடிந்து விழுந்தார். நான் மேலே கிடந்தேன். நடுவருக்கு வேறு வழி தெரியவில்லை, எண்ணினார். இறங்குதுறை ஆள் ஒருவன் கத்தினான்: "டேய், மூட்டை எழும்பேல்லையோ? மாவுக்குள்ள கல்லை வச்சுக் கட்டிப்போட்டாங்களோ?" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே போனார்.

இறங்குதுறையில் அண்ணைக்கு 'எழும்பாத மூட்டை' என்று பெயர் வந்தது. லோஞ்சில் ஏறி அது அவருடைய ஊருக்கும் போனது. அடுத்த ஊருக்கு அவரைக் கூட்டிப்போவதாக இருந்த முதலாளி கூட்டிப்போகவில்லை. என்னிடம், "உம்மோட இனி ஒருத்தரும் மேடை ஏறமாட்டினம்," என்று மட்டும் சொன்னார். எனக்குக் கலியாணம் நடந்தது. பதவி உயர்வும் வந்தது.

அதற்குப் பிறகு நாட்டில் நடந்த யுத்தத்தை எல்லாரும் அறிவார்கள். அந்த ஆண்டுகள் முழுவதும், யாரையாவது தூக்குவதைப் பார்த்தால், ஒரு நோயாளியைக் கட்டிலில் ஏற்றுவதைப் பார்த்தால்கூட, அந்த விரல் என் தொடையை அமுக்கும்.

போன வருடம் கட்டைபறிச்சானில் விளையாட்டுக் கழகம் ஒன்றுக்குப் புதுக் கட்டிடம் திறந்தார்கள். பழைய விளையாட்டுக்காரர் சிலருக்குப் பொன்னாடை. அண்ணைக்கும் ஒன்று. ஓய்வுபெற்ற அதிகாரி என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். இப்போது பாலம் இருக்கிறது. நான் இருக்கும் லிங்கநகரிலிருந்து ஓட்டோவில் போனேன். ஒலிவாங்கியைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். இவர் என்னிடம் தோற்கவில்லை, நான்தான் ஒத்துழைக்க மறுத்தேன், இவருடைய பலத்தில் குறை இல்லை, என்னை மன்னிக்கவேண்டும் என்றேன். விரல் அமுக்குவதையும் விளக்கினேன்.

கழகத்துப் பெடியன் ஒருவன், அவருடைய பேரன், எழுந்தான். "அப்ப ஐயா, முதல் ஒன்பது நாள் அப்பப்பா வெண்டது?"

உண்மை பேச வந்தவன் நான். "அதுவும் பேசி வச்சதுதான்," என்றேன்.

மண்டபத்தில் சிரிப்புக் கிளம்பியது. அவர் பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மூன்றாம் நாள் அவர் என் வீட்டுப் படலையில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"உங்களிட்ட ஆர் கேட்டது?"

"உங்கட பேரைக் காப்பாத்தத்தான் அண்ணை."

"அண்டைக்கு ஒருநாளைத்தான் எடுத்தனீங்கள். மிச்சம் ஒன்பது நாள் என்னட்ட இருந்தது. பேரப்பிள்ளையளுக்கு அதைச் சொல்லித்தான் நான் ஒரு ஆளா இருந்தனான். இப்ப அதையும் எடுத்துப்போட்டியள்."

"நடந்ததைத்தானே சொன்னனான்."

"ஞாயிற்றுக்கிழமை எங்கட சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு வாங்கோ. அந்தப் பெடியள் இருப்பாங்கள். மல்யுத்தம் உண்மை எண்டு சொல்லுங்கோ."

"இந்த வயதில என்னைப் பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"விழுவன் எண்டு தலையாட்டிப்போட்டு விழாமல் நிண்ட ஆள் நீங்கள். உண்மையைப் பற்றி எனக்குச் சொல்லாதையுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை போனேன். கடையில் ஏழெட்டுப் பேர். மேடையில் சொன்னது என் பெருமைக்குக் கட்டிய கதை என்றேன். ஒன்பது நாளும் இவர் என்னை உண்மையாகவே தூக்கி அடித்தார், விலா எலும்பு இன்றும் நோகிறது, பத்தாம் நாள் இவருக்குக் காய்ச்சல், அதில்தான் வென்றேன் என்றேன்.

"காய்ச்சல் எண்டு ஆர் சொன்னது?" என்றார் அவர், தேத்தண்ணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அண்டைக்கு ஐயா நல்லாத்தான் பிடிச்சவர். வெண்டது வெண்டதுதான்."

நான் பழகிய அந்த ஒரு கிழமையில் முதலாளி சொல்லித் தந்ததும் அதுதான்: எதிராளியைச் சிறியவனாக்கினால் உன் வெற்றியும் சிறியது. அவர் அதை மறக்கவில்லை.

பெடியன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பினானோ தெரியாது. ஆனால் சிரிக்கவில்லை.

வெளியே வந்து கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. "இனி இந்தப் பக்கம் வராதையுங்கோ," என்றார்.

போகவில்லை. இதை எழுதலாமா என்று மட்டும் போன மாதம் அந்தப் பெடியன் மூலம் கேட்டனுப்பினேன். பதில் தொலைபேசியில் வந்தது: "எழுதட்டாம். இங்க ஆர் புத்தகம் வாசிக்கிறது எண்டு கேக்கிறார். பேர் மட்டும் போடவேண்டாமாம்."

போடவில்லை.