வலிக்குது என்றார்; நான் கிள்ளிப் பார்க்கவில்லை

முதலில் வந்தது வாசனைதான்.

மாலை ஜெப வேளை. வீட்டில் நானும் என் மனைவி ஞானம்மாளும் மட்டும். மாதா படத்துக்குத் தூபம் காட்டிவிட்டு, சாம்பிராணிக் கரண்டியைப் பின்னால் தள்ளி வைத்து, முழங்காலில் நின்று உத்தம மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்காக மனம் நொந்து சொல்லும் ஜெபம்) சொல்லிக்கொண்டிருந்தேன். கணீரென்று சொல்வேன். ஆவூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்க் கோயிலிலும் அப்போது ஜெபம் முன்சொன்னவன் நான்தான். பள்ளிக்கூட வாத்தியார் குரல். கடைசி வரிசைக்கும் கேட்கும்.

"ஏங்க, ஏதோ கருகுது" என்றாள் ஞானம்மாள்.

"அடுப்பைப் பாரு" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தவள் நிலைப்படியிலேயே நின்று அலறினாள். கரண்டியிலிருந்து உருண்ட கங்கு ஒன்று என் இடது பாதத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் புகைந்துகொண்டிருந்தது. கருகியது நான்.

அதற்குள் மந்திரத்தைச் சொல்லி முடித்திருந்தேன்.

காலைத் தண்ணீரில் வைத்தபடி ஞானம்மாள் கேட்டாள்: "வலிக்கலையா?" இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் வலிக்கிறது என்று பொய் சொன்னேன். வலித்திருக்கக் கூடாதா என்று ஒரு மனிதன் ஏங்குவான் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த நோயோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த நோய் இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்களும் படிக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அது யுத்த காலம். விராலிமலையிலிருந்து திருச்சிக்கு, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடும் பஸ். மேட்டில் ஏறாது, இறங்கி நடக்கச் சொல்வார்கள். கட்டுப்போட்ட காலோடு நானும் இறங்கி நடந்தேன். வலிக்கவில்லை. வலிக்காத ஒவ்வொரு அடியும் எனக்கு எதையோ சொல்லிக்கொண்டே வந்தது. நான் வெயிலைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணைத் துணியால் கட்டினார். "ஒரு கோழி எறகால தொடுவேன். தொட்ட எடத்துல விரலை வைங்க. அவ்வளவுதான்" என்றார்.

காத்திருந்தேன். நடையில் யாரோ இருமினார்கள். மேஜைக் கடிகாரம் ஓடியது. இந்த மனிதர் ஏன் ஆரம்பிக்காமல் நிற்கிறார் என்று எரிச்சலாக வந்தது.

"டாக்டர், எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"முடிச்சுட்டேன்" என்றார் அவர்.

கட்டை அவிழ்த்தபோது அவர் கையில் இறகு இருந்தது. என் முழங்கைக்குக் கீழே, தேமல் என்று நான் பவுடர் தடவி வந்த வெளிறிய படையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டிருந்தார். பாதத்திலும் ஒரு கோடு. தீவுகள்போல இருந்தன. என் உடம்பில் எனக்குச் சொந்தமில்லாத தீவுகள்.

"குஷ்டம்தான். நரம்பைத் தின்னுற நோய். தொடுறது, சுடுறது, குத்துறது எதுவும் மேல போய்ச் சேராது. ஆரம்பத்துலேயே வந்துட்டீங்க. பயப்படாதீங்க."

நான் பயத்தில் ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "வெள்ளையா இருந்தாலே குஷ்டமா டாக்டர்?"

"யார் சொன்னது? பால் மாதிரி வெளுத்துக் கெடக்கும் சிலருக்கு. ஊர்ல வெண்குஷ்டம்பாங்க. பேர்லதான் குஷ்டம். அது வெறும் நெறம் போறது. ஒட்டாது, ஒண்ணும் செய்யாது. கிள்ளிப் பாத்தா தெரிஞ்சுபோகும். வலிச்சா அது இந்த நோய் இல்ல."

கிள்ளிப் பார்த்தால்.

நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதே சொல்லை முன்பு ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

கருப்பையா என்று ஒருவர். எங்கள் கோயிலுக்கு எதிரே புளியமரத்தடியில் ஞாயிறுதோறும் அவரும் அவர் மனைவி காளியம்மாளும் ஆப்பம் சுட்டு விற்பார்கள். நற்கருணை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. பூசை முடிந்து பசியோடு வெளியே வரும் சனத்துக்கு அந்த ஆப்பத்தின் மணம்தான் முதலில் எதிர்ப்படும். அவர்கள் எங்கள் வேதத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனால் எங்கள் விரதத்தை முடித்துவைத்தவர்கள் அவர்கள்.

ஒரு ஞாயிறு, ஆறு வருஷத்துக்கு முன்பு, கருப்பையாவின் முன்கையில் பால்வெள்ளையாக ஒரு திட்டைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசற்படியில் நின்று, அந்தக் கணீர்க் குரலில், இனி அந்தக் கையால் யாரும் வாங்கித் தின்ன வேண்டாம், குஷ்டம் என்று சொன்னேன்.

அவர் மரத்தடியிலிருந்து ஓடி வந்தார். சட்டையில்லாத கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "வலிக்குது வாத்தியாரய்யா. கிள்ளிப் பாருங்க. நீங்களே கிள்ளிப் பாருங்க."

நான் ஓரடி பின்னால் போனேன். "தள்ளி நில்லு கருப்பையா" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. மாசம் திரும்புவதற்குள் அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அறந்தாங்கிப் பக்கம் என்று கேள்வி.

இந்த ஆறு வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவங்களைச் சொல்வது) செய்திருக்கிறேன். கோபம் சொன்னேன், சோம்பல் சொன்னேன், ஜெபத்தில் பராக்கு சொன்னேன். இதைச் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை; அது என்னைத் தொடவே இல்லை. டாக்டர் என் உடம்பில் கோடு போட்ட இடம் போலத்தான் அதுவும்.

சிகிச்சை தொடங்கியது. நீரடிமுத்து எண்ணெயை (ஒரு காட்டுமரத்தின் விதையிலிருந்து எடுப்பது) படை மீதே ஊசியால் பல இடங்களில் ஏற்றுவார்கள். வாரம் இரண்டு தடவை. சிலருக்குக் காய்ச்சல் வரும், எனக்கும் வந்தது. ஊசி படையின் நடுவில் இறங்கும்போது எதுவும் தெரியாது. விளிம்பைத் தாண்டினால் உயிர் போகும். நான் விளிம்பை நேசிக்கத் தொடங்கினேன்.

"நோய் அடங்கும்" என்றார் டாக்டர். "மரத்த எடம் திரும்பி வரும்னு எண்ணாதீங்க. தினமும் சாயங்காலம் பாதத்தைக் கண்ணாடி வச்சுப் பாக்கணும். முள்ளு ஏறியிருக்கும், கொப்புளம் இருக்கும். அது ஒங்களைக் கூப்பிட்டுச் சொல்லாது. நீங்கதான் போய்ப் பாக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"கால் இருக்கிற வரைக்கும்."

பங்குச் சாமியாரிடம் போனேன். கருப்பையா ஊரைவிட்டுப் போன பிறகு வந்தவர் அவர். எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பத்து மூன்று மணி ஜெபம் (ஒரு முழு ஜெபமாலை) அபராதமாகக் கொடுத்தார். பிறகு, "ஜெபத்தை நீங்க சுலபமாச் சொல்லிடுவீங்க, நல்ல குரல். அந்த ஆளைப் போய்ப் பாருங்க" என்றார்.

போகவில்லை. கார்டு எழுதினேன். யோசித்து யோசித்து, எனக்குத் தெரிந்த சொற்களிலேயே கனமான சொல்லைப் போட்டேன்: "உமக்கு நேர்ந்ததை நினைத்து மிகுந்த மனஸ்தாபத்தோடு இருக்கிறேன்." அறந்தாங்கிச் சந்தைக்குப் போகும் மாட்டு வியாபாரியிடம் கொடுத்தனுப்பினேன்.

அவர் பதிலோடு திரும்பினார். "என்ன வாத்தியாரே எழுதுனீங்க? தபால்காரரை விட்டுப் படிக்கச் சொன்னாரு. கேட்டுட்டு அந்த மனுசன் தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. 'இன்னுமா வாத்தியாருக்கு எம்மேல மனஸ்தாபம்? ஊரை விட்டே வந்துட்டேனே, இன்னும் எங்கிட்டுப் போகச் சொல்றாரு'ன்னு கேக்குறாரு."

கோயிலுக்குள் அந்தச் சொல்லுக்குப் பாவியின் வருத்தம் என்று பொருள். கோயில் வாசலைத் தாண்டினால் பகை என்று பொருள். பிறந்ததிலிருந்து உள்ளே நின்றே பேசியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போய், மறுபடியும் அவரை விரட்டியிருந்தேன்.

அந்த வாரமே அறந்தாங்கிக்கு பஸ் ஏறினேன். சந்தைப்பேட்டை ஓரம் ஒரு கீற்றுக் கொட்டகை. சித்திரை வெயிலில், அடுப்பு முன்னால், மணிக்கட்டுவரை மூடிய முழுக்கைச் சட்டையோடு கருப்பையா உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டையை நான்தான் போட்டுவிட்டிருந்தேன்.

தூரத்திலேயே நின்றேன். காளியம்மாள்தான் முதலில் பார்த்தார். "இந்தா, ஒங்க வாத்தியாரு. கார்டு பத்தலைன்னு நேர்லயே வந்துட்டாரு."

"கிட்ட வாங்கய்யா" என்றார் கருப்பையா.

"வேணாம். ஒங்களுக்கு அது இல்ல. எனக்குத்தான் இருக்கு" என்றேன். அவரை நான் முதன்முறையாக 'நீங்க' என்று பேசியது அன்றுதான். சட்டைக் கையை மடித்துப் படையைக் காட்டினேன்.

அவர் எழுந்து வந்தார். என் கையைப் பிடித்தார். படையின் நடுவில், நகம் பதிய, பலங்கொண்டமட்டும் கிள்ளினார். நான் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றேன். அவர் முகம்தான் சுருங்கியது.

"வலிக்கலையா?"

"இல்ல."

தன் சட்டைப் பொத்தானை அவிழ்த்து, வெள்ளைக் கையை நீட்டினார். "இப்பக் கிள்ளுங்க."

கிள்ளினேன். "ஆ!" என்று கையை உதறினார். "அன்னைக்கும் இதேதான்யா வலிச்சுச்சு." நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டேன்.

காளியம்மாள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "சொல்லிட்டா நீங்க பஸ் ஏறிப் போயி நிம்மதியா இருப்பீங்க. எங்க மூத்தவளுக்கு நிச்சயம் பண்ணுன எடம் நின்னு போச்சு, தெரியுமா ஒங்களுக்கு? எந்தப் படியில நின்னு சொன்னீங்களோ அங்க போயிச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. ஒரு தடவை இல்ல. வந்துக்கிட்டே இருங்க. எங்க கண்ணுல பட்டுக்கிட்டே இருங்க."

அடுத்த ஞாயிறு அதே படியில் நின்றேன். கருப்பையாவுக்குக் குஷ்டம் இல்லை, நான் சொன்னது பொய், நோய் எனக்கு என்றேன். குரல் முதல் வரிசைக்கே எட்டவில்லை. "சத்தமா" என்றார்கள். மறுபடி சொன்னேன். கூட்டம் இரண்டாகப் பிளந்து விலகியது. யாரோ கேட்டார்கள்: "ஒங்களை யாராச்சும் கிள்ளிப் பாத்தாங்களா வாத்தியாரே?" சிரிப்பு எழுந்தது. பார்த்தார்கள் என்றேன். ஞானம்மாள் கூட்டத்திலிருந்து நடந்து வந்து படியில் என் பக்கத்தில் நின்றாள்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து நின்றுகொண்டேன். ஜெபம் முன்சொல்லவும் வேறு ஆள் வந்தார்.

படைகள் இப்போது அடங்கிவிட்டன. கிருமி தென்படவில்லை என்கிறார் டாக்டர். உணர்ச்சி திரும்பவில்லை. ஒவ்வொரு மாதமும் அறந்தாங்கிக்குப் போகிறேன். கருப்பையா சட்டையைச் சில நாள் மடித்துவிட்டிருப்பார், சில நாள் மூடியிருப்பார். மூடியிருக்கும் நாளில் நானும் பேச மாட்டேன். மன்னித்தேன் என்ற வார்த்தை இன்னும் வரவில்லை. முன்பெல்லாம் அதற்காகப் போனேன். இப்போது அதற்காகப் போவதில்லை.

போன மாதம் காளியம்மாள் முதன்முறையாக இலையில் ஓர் ஆப்பம் வைத்துக் கொடுத்தார். வாங்க நீட்டிய கை, சட்டியின் விளிம்பில் பட்டு அப்படியே நின்றிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

"கை! கை! வாத்தியாரே, கையை எடுங்க!" என்று அவர்தான் கத்தினார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, பானைத் தண்ணீரில் அமுக்கினார். திட்டினார். "கண்ணு எங்கிட்டு இருக்கு? நாங்க பாத்துக்கிட்டே இருக்க முடியுமா?" சுட்ட இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு வலிக்க வேண்டியது அவருக்கு வலித்தது.

மனந்திரும்புவது ஒரு நாளின் காரியம் என்று நினைத்திருந்தேன். காலில் ஒட்டிய கங்குத் துண்டை உதறுவதுபோல உதறிவிட்டு எழுந்துவிடலாம் என்று. என் நாட்கள் இப்போது ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் நடுவில் கிடக்கின்றன. சாயங்காலம் பாயில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சாய்த்து, முதலில் பாதம். பிறகு அன்றைக்குப் பேசிய பேச்சு, விலகி நடந்த இடம்.

இதை எழுதுவதற்குச் சற்று முன் பார்த்தேன். குதிகாலில் முழு நீளத்துக்கு ஒரு கருவேல முள். எப்போது ஏறியதோ, அதன் மேலேயே நாளெல்லாம் நடந்திருக்கிறேன். திடுக்கிட்டேன். தினமும் இப்படித்தான் திடுக்கிடுகிறேன். எதையும் காணாமல் கண்ணாடியைக் கீழே வைக்கும் நாளில்தான், ஞானம்மாளைக் கூப்பிட்டு இன்னொரு தரம் பார்க்கச் சொல்கிறேன்.